யூதப் பகையின் வேர்கள்

ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரைப் பகைத்தல் உலகிற் புதிதன்று. ஆயின் ஒரு சமயம் தன்னைப் பெற்று வளர்த்த தாய்ச் சமயத்தையே பகைத்து, அப்பகையைத் தன் மக்களுக்குப் பதினெட்டு நூற்றாண்டுகளாகப் பாலோடு ஊட்டி வந்ததென்றால், அஃது எவ்வாறு நிகழ்ந்ததென்று ஆராய்தல் கற்றார் கடனாகும். கிறிஸ்தவ உலகம் யூதர்மீது கொண்ட பகையே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். "மதுரையில் யூதர் யாருளர்? விளாங்குடிச் சாலையில் நடந்து கல்லூரிக்கு வரும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை?" என்று நண்பர் சிலர் வினவக்கூடும். பயன் உண்டென்பதே எம் கொள்கை. அதனைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் பகை பிறந்த கதையைக் காண்போம்.

யூதரைப் பழித்தவருள் கிறிஸ்தவர் முதல்வர் அல்லர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே எகிப்தியப் பூசாரியாகிய மனேத்தோ என்பார் பெயரால் யூதரை இழித்துரைக்கும் கதைகள் வழங்கின. கி.பி. 38-இல் அலெக்சாந்திரியா நகரத்து யூதர்மேல் கிரேக்கர் பெருங் கலகம் விளைத்தனர். அந்நகரில் வாழ்ந்த அப்பியோன் என்பான் எழுதிய பழிகளுக்கு யூத வரலாற்றாசிரியராகிய யோசேப்பு ஒரு நூலே மறுப்பாக எழுதவேண்டியதாயிற்று. எனினும் இவையெல்லாம் அயலார் அயலாரைக் கண்டு முகஞ்சுளித்த அளவினவே. யூதர் பன்றியிறைச்சி உண்ணார், ஏழாம் நாளில் உழைக்கார், ஊர்த் தெய்வங்களை வணங்கார் என்பன குற்றச்சாட்டுகளுட் சில. 'இம்மக்கள் கடவுளாற் கைவிடப்பட்டோர்' என்று அவர்களுள் எவரும் கூறவில்லை. அக்கருத்து யூதரின் வீட்டுக்குள்ளிருந்தே பிறந்தது.

நம் நாட்டில் தாயாதி வழக்கின் கசப்பை அறியாதார் இலர். அந்நியனோடு வழக்காடுபவன் நிலத்தை மட்டும் கேட்பான். பங்காளியோடு வழக்காடுபவனோ, 'நீ எங்கள் குலத்திற் பிறந்தவனே அல்லன்' என்று கூறவும் துணிவான். முதல் நூற்றாண்டில் நிகழ்ந்தது அத்தகைய பாகப்பிரிவினை வழக்கே. இயேசு யூதர், அவர் அன்னை யூதப்பெண், பன்னிரு சீடரும் யூதர், பவுல் அடிகள் தம்மைப் பரிசேயன் என்று சொல்லிக்கொள்ள நாணவில்லை. எசாயாவும் எரேமியாவும் தம் மக்களை எத்துணைக் கடுமையாகக் கடிந்தனரென்பதைப் பழைய ஏற்பாட்டைப் படித்தவர் அறிவர். அது தந்தை மகனைக் கடியும் கடிதல். நற்செய்தி நூல்களிலுள்ள கடுஞ்சொற்களும் முதலில் அவ்வகையினவே.

கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் தேவாலயத்தைச் சுட்டெரித்தனர். பலிபீடம் இல்லாமற்போன பின், 'இனி இஸ்ரவேலின் வாரிசு யார்?' என்னும் வினா எழுந்தது. ஒருபுறம் பரிசேயர் வழிவந்த ரபிமார் வேதத்தையும் அதன் உரையையும் பற்றுக்கோடாகக் கொண்டு தம் சமுதாயத்தைக் கட்டி எழுப்பினர். மறுபுறம் இயேசுவை மெசியா என்று நம்பியோர் தாமே உண்மை வாரிசு என்றனர். நற்செய்தி நூல்களுட் பெரும்பான்மையும் இச்சச்சரவின் வெப்பத்தில் எழுதப்பட்டவை. யோவான் நற்செய்தியில் 'யூதர்' என்னும் சொல் ஏறத்தாழ எழுபது முறை வருகின்றது. பல இடங்களில் அது பகைவர் என்னும் பொருள்பட நிற்கின்றது. மத்தேயு 27-ஆம் அதிகாரம் 25-ஆம் வசனமோ, இரத்தப்பழியைக் கூட்டத்தார் தம்மேலும் தம் பிள்ளைகள்மேலும் ஏற்றுக்கொண்டதாகக் கூறுகின்றது. சிலுவை உரோமர் விதிக்கும் தண்டனை, தீர்ப்பளித்தவன் பிலாத்து, ஆணி அறைந்தோர் உரோமப் படைவீரர். எனினும் உரோமப் பேரரசின் நிழலில் வாழவேண்டியிருந்த சிறு கூட்டத்தார் பழியின் பெரும்பங்கைத் தம் பங்காளிமேற் சாற்றியதில் வியப்பில்லை. எளியோன் சொல்லும்போது புலம்பலாயிருக்கும் சொல், அவன் அரியணை ஏறிய பின் தீர்ப்பாகிவிடும். இதுவே இவ்வரலாற்றின் திறவுகோல்.

இரண்டாம் நூற்றாண்டில் வழக்கு முற்றியது. கி.பி. 132 முதல் 135 வரை பார் கொக்பா தலைமையில் நிகழ்ந்த புரட்சியை அதிரியான் பேரரசன் அடக்கி, யூதர் எருசலேமுள் நுழையலாகாதென்று ஆணையிட்டான். அக்காலத்துக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் இத்துன்பத்தையே தம் கட்சிக்குச் சான்றாக்கினர். பர்னபாவின் பெயரால் வழங்கும் நிருபம், மோசே கற்பலகைகளை உடைத்த அன்றே உடன்படிக்கை யூதரிடமிருந்து போயிற்று என்கின்றது. இரத்தசாட்சியாகிய யுஸ்தீன் 'திரிபோ' என்னும் யூதரோடு உரையாடுவதாக ஒரு நூல் எழுதினார். அதன் இறுதியில் இருவரும் ஒருவரையொருவர் வாழ்த்திப் பிரிகின்றனர். ஆயினும் விருத்தசேதனம் யூதரைத் துன்பத்துக்கென்று பிரித்துக்காட்ட இடப்பட்ட அடையாளமே என்று இடையிற் கூறவும் அவர் தயங்கவில்லை. சர்தை நகரத்துக் கண்காணியார் மெலித்தோ, பாஸ்கா பண்டிகைக்காக எழுதிய பிரசங்கத்தில், இஸ்ரவேல் கடவுளையே கொன்றது என்றார். 'தெய்வக்கொலை' என்னும் கொடிய பழி முதன்முதல் தெளிவாக ஒலித்தது அங்கேதான் என்பர் அறிஞர்.

இனி இக்கதையில் மூன்றாம் கட்சியார் ஒருவர் வருகின்றனர். பொந்து நாட்டிலிருந்து வந்த மார்க்கியோன் என்னும் கப்பல் வணிகர் உரோமாபுரிச் சபைக்கு 2,00,000 செஸ்தர்த்து நாணயம் காணிக்கையளித்தவர். கி.பி. 144-இல் சபையார் அப்பணத்தைத் திருப்பிக் கொடுத்து அவரை வெளியேற்றினர். அவர் கொள்கை யாது? பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு. இயேசுவின் பிதா வேறு. முன்னவர் உலகைப் படைத்த நீதிக் கடவுள். பின்னவர் அதுகாறும் யாரும் அறியாத அன்புக் கடவுள். ஆதலால் எபிரேய வேதம் முழுவதையும் விலக்கி, லூக்கா நற்செய்தியைத் திருத்தி, பவுலின் பத்து நிருபங்களை மட்டும் சேர்த்து, அவர் தமக்கென ஒரு வேதாகமம் வகுத்தார்.

மார்க்கியோனுக்கு அண்மையராய், ஆயினும் வேறாய், ஞானவாதிகள் என்று நாம் அழைக்கத்தக்க பல குழுவினர் இருந்தனர். 'ஞோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் 'ஞானம்' என்னும் நம் நாட்டு வடசொல்லும் ஒரே வேரிற் பிறந்தவை. 1945-இல் எகிப்து நாட்டு நாக் ஹம்மாதியில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த 13 ஏடுகள் இவர்தம் நூல்களை நமக்குக் காட்டின. அவற்றுள் 'யோவானின் மறைநூல்' என்பது, சோபியா என்னும் ஞானத் தேவியின் பிழையால் இயல்தபவோத் என்னும் குறைத்தெய்வம் பிறந்ததென்றும், அவனே இவ்வுலகைப் படைத்து, தன்னையன்றி வேறு கடவுள் இல்லையென்று அறியாமையாற் பெருமை பேசினானென்றும் கூறுகின்றது. சீனாய் மலையில் இஸ்ரவேலர் கேட்ட குரல் ஒரு மூடத்தெய்வத்தின் தற்பெருமை என்பது இதன் கருத்து. ஒரு மக்கள் தம் உயிரினும் மேலாகப் போற்றிய கடவுளை இதனினும் இழிவாகப் பேசுதல் அரிது.

எனினும் இங்கே இரண்டு நியாயங்களை மறத்தல் கூடாது. முதலாவது, இந்நூலார் ஆதியாகமத்தை வரிக்குவரி அறிந்தவர்கள். ஆதலின் இவர்களுட் சிலர் தாமே யூதக் குடியிற் பிறந்து, நாட்டின் அழிவால் மனமுடைந்து, படைத்தவனையே வெறுத்தோராயிருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இரண்டாவது, ஞானவாதிகள் யாவரும் ஒரே நிலையினர் அல்லர். வலந்தீன் வழிவந்த தொலமி என்பார் புளோரா என்னும் பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில், நியாயப்பிரமாணம் கடவுள் தந்ததும், மோசே தந்ததும், மூப்பர் தந்ததும் என மூவகைப்படும் என்று பொறுமையோடு பகுத்துரைக்கின்றார்.

தாயாதி வழக்கின்படி கூறின், யூதர் வீட்டில் குடியிருந்தனர்; திருச்சபையார், 'வீடு எமதே; மூத்தவன் உரிமை இழந்தான்' என்றனர்; மார்க்கியோனும் ஞானவாதிகளும், 'இவ்வீட்டைக் கட்டிய கொத்தனே தகுதியற்றவன்; வீடே வேண்டா' என்றனர். திருச்சபை மார்க்கியோனை விலக்கிப் பழைய ஏற்பாட்டைக் காத்ததன்றோ, அது யூதர்க்கு நன்மையாயிருக்க வேண்டுமன்றோ என்று தோன்றும். உண்மை அதற்கு மாறாயிற்று. இதனை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

கார்த்தாகோ நகரத்துத் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்க்கியோனை மறுத்து ஐந்து புத்தகங்கள் எழுதினார். பலிகளும் உணவு விலக்குகளும் ஓய்வுநாட் சட்டமும் ஒரு சிறுமைக் கடவுளின் கட்டளைகள் என்றார் மார்க்கியோன். தெர்த்துல்லியன் கூறிய விடை யாது? கட்டளைகள் கடினமாயிருந்ததற்குக் காரணம் கடவுளின் குறையன்று. அம்மக்களின் கழுத்து வணங்காமையும் விக்கிரக ஆசையுமே என்பது. இவ்வாறு கடவுள்மேற் சாற்றப்பட்ட குறைகளெல்லாம் ஒவ்வொன்றாய் எடுக்கப்பட்டு யூதர் தலைமேல் வைக்கப்பட்டன. கடவுள் காப்பாற்றப்பட்டார், மக்கள் குற்றவாளிகளாயினர். மேலும், வேதம் கிறிஸ்துவையே தெளிவாகக் காட்டுகின்றதென்றால், அதனை நாள்தோறும் ஓதும் யூதர் ஏன் காணவில்லை? அவர்கள் குருடர், அல்லது மனமறிந்து மறுப்பவர் என்று சொல்வதல்லது வேறு வழியில்லாதாயிற்று. மார்க்கியோன் நூலை வெறுத்தார். அவரை வென்றவர்களோ நூலை ஏற்று, நூலுக்குரியோரை வெறுத்தனர். இவ்விரண்டினுள் பின்னதே நெடுங்காலம் நின்றது.

நான்காம் நூற்றாண்டில் இச்சொற்களுக்கு அரசின் வாள் கிடைத்தது. 386, 387-ஆம் ஆண்டுகளில் யோவான் கிறிசோஸ்தோம் அந்தியோகியாவில் யூதருக்கெதிராக எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். அவற்றைப் போன்ற கொடுஞ்சொற்கள் பொன்வாயர் எனப் பெயர் பெற்றவரிடமிருந்து வந்தனவே என்று நாம் வருந்தவேண்டும். ஆயின் அவர் அவ்வளவு சினந்ததற்குக் காரணம் நோக்கத்தக்கது. அந்நகரத்துக் கிறிஸ்தவப் பொதுமக்கள் யூதர் பண்டிகைகளுக்குச் சென்றனர், அவர்களோடு நோன்பிருந்தனர், ஜெபாலயத்திற் செய்யும் சத்தியமே வலியதென்று நம்பினர். தெருவில் நட்பு இருந்தது. பகை பிரசங்க பீடத்திலிருந்து இறங்கிவந்தது. 388-இல் கல்லினிக்கம் என்னும் ஊரிற் கிறிஸ்தவர் யூத ஜெபாலயத்தை எரித்தனர். அதே ஊரில் துறவிகள் வலந்தீனிய ஞானவாதிகளின் கூடத்தையும் எரித்தனர். ஜெபாலயத்தை மீண்டும் கட்டிக் கொடுக்க வேண்டுமென்று பேரரசன் தெயதோசியு இட்ட ஆணையை மிலான் கண்காணியார் அம்புரோசு தடுத்து நிறுத்தினார். அகுஸ்தீன் மட்டும், யூதரைக் கொல்லலாகாது, அவர்கள் வேதத்துக்குச் சாட்சிகளாய்ச் சிதறி வாழவேண்டும் என்றார். அஃது உயிரைக் காத்தது, மதிப்பைக் காக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரிப்பிற் பெருகும். 1096-இல் சிலுவைப்போர்க்குப் புறப்பட்டோர் ரைன் ஆற்றங்கரை யூதரைக் கொன்றனர்; 1290-இல் இங்கிலாந்தும் 1492-இல் ஸ்பெயினும் அவர்களைத் துரத்தின; 1543-இல் மார்ட்டின் லுத்தர் அவர்களுடைய ஜெபாலயங்களை எரிக்குமாறு எழுதினார். 1933 நவம்பர் 13-ஆம் நாள் பெர்லின் விளையாட்டு மாளிகையில் கூடிய 'ஜெர்மன் கிறிஸ்தவர்' இயக்கத்தார் முன், பழைய ஏற்பாட்டைச் சபையினின்று அகற்றவேண்டுமென்ற முழக்கம் எழுந்தது. மார்க்கியோனின் குரல் நாஜிக் கொடியின் கீழ் மீண்டும் கேட்டது. நாஜிகளின் இனவெறி திருச்சபையின் போதனையே என்று யாம் சொல்லவில்லை. அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆயின் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டபோது ஞானஸ்நானம் பெற்ற ஐரோப்பா பெரும்பாலும் வாளாவிருந்ததே, அவ்வாளாமை நெடுநாட் பயிற்சியின் விளைவு.

இனி நம் நாட்டை நோக்குவோம். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர இரவி, யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்குச் செப்பேட்டில் உரிமைகள் பொறித்துக் கொடுத்தான். 1568-இல் கொச்சியில் அரசன் அரண்மனைக்கு அருகே பரதேசி ஜெபாலயம் எழுந்தது. 1688-இல் சென்னப்பட்டணத்து நகராட்சிக் கழகம் அமைந்தபோது அதன் உறுப்பினருள் யூத வணிகரும் இருந்தனர். இந்நாட்டில் யூதப்பகை முளைத்ததன்று, கப்பலில் வந்தது. இந்திய மூலிகைகளைப் பற்றி 1563-இல் கோவாவில் அரிய நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஒர்த்தா யூத மரபினர். அவர் 1568-இல் இறந்தபின், அவர் சகோதரி அங்கிருந்த சமய விசாரணை மன்றத்தாரால் எரிக்கப்பட்டார். 1580-இல் அவருடைய எலும்புகளும் தோண்டி எடுத்து எரிக்கப்பட்டன. உயிரோடிருந்தபோது அவரிடம் மருந்து பெற்றோர், இறந்தபின் அவர் எலும்பைப் பொறுக்கவில்லை.

இதனால் நம் மண் பழுதற்றதென்று பெருமை கொள்வதற்கும் இடமில்லை. விளாங்குடியில் நின்று வைகைக்கு அப்பால் நோக்குவோர் நாகமலையைக் காண்பர். அதற்கப்பாற் கீழக்குயில்குடியிற் சமணர் மலை உள்ளது. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் கதையை நாமெல்லாம் கேட்டிருக்கின்றோம். அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஏழாம் நூற்றாண்டிற்குரிய சாசனச் சான்று எதுவும் அதற்கில்லை. மாறாக, அம்மலையிலுள்ள சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துக்களும் அதற்குப் பின் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளிலும் சமண முனிவர் ஆங்கு வாழ்ந்ததைக் காட்டுகின்றன. நிகழ்ந்ததோ இல்லையோ, அதனை வெற்றிக் கதையாகச் சொல்லி மகிழ்ந்த உள்ளம் ஆராய்தற்குரியது. சமயச் சொற்போரிற் பிறந்த பழி, போர் முடிந்தபின்னும் சாவதில்லை என்பதற்கு அந்தியோகியாவே வேண்டுமென்பதில்லை.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதனினும் அண்மையில் ஒரு வினா உண்டு. 1938-இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாயிருந்த பி. செஞ்சையா முதலியோர் இந்தியக் கிறிஸ்தவத்தைப் புதிதாகச் சிந்திக்கவேண்டுமென்று ஒரு நூல் வெளியிட்டனர். இந்துவாயிருந்து கிறிஸ்துவை ஏற்பவனுக்கு எபிரேயரின் பழைய ஏற்பாடு இன்றியமையாததா என்பது செஞ்சையா எழுப்பிய வினாக்களுள் ஒன்று. அவர் யூதரைப் பகைத்தவரல்லர். தம் முன்னோரின் ஞானச் செல்வத்தை இழக்க மனமில்லாதவர். அவ்வுள்ளத்தை யாம் மதிக்கின்றோம். ஆயினும் அவர் முடிவை யாம் ஏற்கமாட்டோம். தாய் இல்லாத இயேசு வானத்தினின்று திடீரென்று குதித்த மார்க்கியோனின் இயேசுவாகவே முடிவார். தமிழ்ப் பக்தி நூல்களைக் கற்று மகிழ்வதற்கு எபிரேயச் சங்கீதங்களைத் துறக்கவேண்டுவதில்லை. இரண்டிற்கும் நம் நெஞ்சில் இடமுண்டு.

எம் மாணவர் சிலர் விளாங்குடிச் சிறுவர்க்கு ஞாயிறுதோறும் வேதபாடம் சொல்லி வருகின்றனர். சென்ற லெந்து காலத்தில் ஒரு சிறுவன், "இயேசு நம்மவரா, யூதரா?" என்று கேட்டானாம். யூதர் என்று ஆசிரியர் விடை கூறியதும், "அப்படியானால் அவர் கெட்டவர்களோடு ஏன் பிறந்தார்?" என்றானாம். அவ்வயதில் அவன் ஒரு யூதனையும் கண்டதில்லை. பாஸ்கு நாடகத்திலும் பெரிய வெள்ளிப் பிரசங்கத்திலும் கேட்ட 'யூதர்' என்னும் சொல்லொன்றே அவன் உள்ளத்தில் ஓர் இனத்தைக் கெட்டதாக்கிவிட்டது. மார்க்கியோன், மெலித்தோ, கிறிசோஸ்தோம் ஆகியோர் பெயரை அறியாமலே அவர்கள் வேலை இங்கே நடந்துகொண்டிருக்கின்றது.

"வேதத்தில் அவ்வாறே எழுதியிருக்க நாம் மாற்றலாமா?" என்பர் சிலர். வேதத்தை மாற்றச் சொல்லவில்லை. விளக்கிச் சொல்லுமாறே வேண்டுகின்றோம். 'யூதர் அவரைப் பிடித்தனர்' என்று படிக்கும்போது, பிடித்தோர் தலைமைக் குருக்களின் ஆட்கள், பிடிக்கப்பட்டவரும் யூதர், அழுத பெண்களும் யூதர் என்று ஒரு வாக்கியம் சேர்த்தல் அரிதன்று. மாய்மாலக்காரனைப் 'பரிசேயன்' என்று ஏசுமுன், ஏரோது கொல்ல நினைக்கின்றான் என்று இயேசுவை எச்சரித்தோர் பரிசேயர் என்பதையும், அப்போஸ்தலரைக் காத்துப் பேசிய கமாலியேல் பரிசேயர் என்பதையும் நினைத்தல் நன்று. காட்டொலிவக் கிளை வேரைப் பார்த்துப் பெருமை பாராட்டலாகாதென்று உரோமருக்குப் பவுல் எழுதிய 11-ஆம் அதிகாரத்தைப் பெரிய வெள்ளி வாரத்தில் வாசித்தால் இன்னும் நன்று.

"இங்கே யூதர் இலரே; யாருக்குத் தீங்கு?" என்பர் வேறு சிலர். இல்லாதவனை வெறுத்தல் எளிது. அவன் வந்து மறுத்துரைப்பதில்லை. அப்பயிற்சியே ஆபத்து. ஓரினத்தை ஒரு சொல்லால் அளக்கப் பழகிய நாவு, அடுத்த தெருவாரையும் அடுத்த சாதியாரையும் அளக்கப் பின்வாங்காது. இஸ்ரேல் அரசின் செயல்களைக் குறைகூறுதல் வேறு. எந்நாட்டு அரசும் நியாயத்துக்கு உட்பட்டதே. அரசின் செயலுக்காக ஓரினத்தையும் அதன் வேதத்தையும் பழித்தல் வேறு. இவ்விரண்டையும் பகுத்தறிதலே கல்வியின் பயன்.

1948-இல் ஆம்ஸ்டர்டாமிற் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம் யூதப்பகை கடவுளுக்கும் மனிதர்க்கும் எதிரான பாவம் என்று அறிவித்தது. 1959-இல் பாப்பரசர் 23-ஆம் யோவான் பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதரை நம்பிக்கையற்றோர் என்று சுட்டிய சொல்லை நீக்கினார். 1965-இல் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணத்திற்கு அக்காலத்து யூதர் யாவரையுமோ இக்காலத்து யூதரையோ பொறுப்பாக்கலாகாதென்று சாற்றியது. சங்கங்கள் செய்யவேண்டியதைச் செய்தன. அவற்றின் தீர்மானங்கள் விளாங்குடிச் சிறுவன் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவற்றை அங்கே கொண்டு சேர்க்கவேண்டியவர் வேதபாடம் சொல்லப் போகும் மாணவரும், நாடகம் எழுதும் ஆசிரியரும், ஊர்ச்சபைகளில் மூப்பராயிருக்கும் பழைய மாணவருமே. வருகின்ற லெந்து காலத்திலேயே இவர்கள் இதனைத் தொடங்குவார்களாக.